ஒட்டாத உறை

மஸ்கட்,
வெள்ளிக்கிழமை காலை.

அன்புள்ள ஜெயாவுக்கு,

நான் நலம். உன் முட்டி வலி குறைந்ததா? சாலவாக்கம் பஸ்ஸில் நின்றுகொண்டே போகாதே.

நம் நிவேதாவுக்குப் பாதுகாவலராக நான் போட வேண்டிய கையெழுத்தைப் போட்டுவிட்டேன். பள்ளிதான் பதினெட்டு வயதோடு முடிந்துவிட்டது. இந்தத் தாளைக் காட்டினால் பெரியவர்களுக்கான பயிற்சி மையத்தில் சேர்த்துக்கொள்வார்கள் இல்லையா?

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பாதுகாவலர் விசாரணை வீடியோவில் நடந்தபோது, வெளியே சிக்னல் இல்லை என்று பாத்ரூமில் நின்றேனே, அது பொய். மகள் பி.காம். படிக்கிறாள் என்று அறையில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். ஆட்டிசம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

அதிகாரி போனைக் காட்டி, "அப்பா எங்கம்மா இருக்காரு?" என்றதும் அவள், "பாத்ரூம்ல கீறாரு. பக்கெட்டு ரொம்பிப் போச்சி நைனா, கொயா மூடு, கொயா மூடு" என்று கத்தினாள். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

பாத்ரூமை விட்டு வெளியே வந்ததும், என் அறையிலேயே தங்கியிருக்கும் நம் மானாம்பதி பெருமாள் அண்ணன், "யாருப்பா அது, அப்டி கத்திக்கினு கீது?" என்றார்.

"ஊர்ல தெரிஞ்சவங்க பொண்ணுண்ணா" என்று சொல்லிவிட்டேன்.

அப்படிச் சொன்னவன்தான் பாதுகாவலர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஜெயா.

அண்ணன் இன்று லீவில் ஊருக்கு வருகிறார். லீவு முடிந்து திரும்பும்போது கொஞ்சம் வடகமும், அவளுடைய போட்டோ ஒன்றும் கொடுத்தனுப்பு. பெரியதாக இருக்கட்டும், கட்டில் பக்கத்தில் ஒட்ட வேண்டும்.

அவரை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போக வண்டி வந்துவிட்டது. தாளையும் இதையும் அவரிடம்தான் கொடுக்கிறேன். உறையை ஒட்டவில்லை. வழியில் அவர் படிக்கட்டும்.

கலைச்செல்வன்