கறுப்பு வண்டியும் வெள்ளிக்கெழமச் சந்தனமும்

4 ஜனவரி 1964, சனி. கடலூர் ஓ.டி.

இன்னிக்கி ஒரே ஆத்திரம். சிதம்பரத்துலேர்ந்து தில்லைநாதன்னு ஒருத்தர் வந்தாரு. வர்ற தையில பொண்ணு கல்யாணமாம், மாப்பிள்ளை அழைப்புக்கு நம்ம வாடகை அம்பாசடர் வேணுமாம். நெழல்ல பாத்தப்ப சரின்னு தலைய ஆட்டினாரு. மாமா (அக்கா வீட்டுக்காரரு தேவநாதன்) வண்டிய வெயிலுக்கு நவுத்தினதும் பானெட்டுக்குக் குனிஞ்சி, "என்னா தேவநாதன், சிலந்தி கூடு கட்டியிருக்கு?"ன்னுட்டாரு.

உண்மதான். பானெட் பூரா சன்னச் சன்னமா கோடு, சுழி சுழியா. இருவதாந்தேதி திரும்ப வந்து பாக்குறேன், தேறலன்னா வேற வண்டின்னு போய்ட்டாரு.

மாமா சாப்புடும்போது சொன்னாரு: "அந்தாளு வேணாம்னுட்டா கிரீம் கலர் அடிச்சிடுவேன். அதுல கோடே தெரியாது."

கிரீமா? தயிர்சோறு மாதிரி ரோட்டுல போவவா? எங்க தெருவுக்கே அந்தக் கறுப்புதானே அழகு!

"நான் எடுத்துடுறேன் மாமா"ன்னேன். "கணக்குலயே மார்க் எடுக்கல, நீ கோட்ட எடுக்கப் போறியா?"ன்னாரு. பாக்கத்தானே போறாரு.

6 ஜனவரி, திங்கள்

ஒண்ணு கண்டுபுடிச்சிட்டேன். சுழின்னு ஒண்ணு கெடையவே கெடையாது. நான் தலைய நவுத்தினா அதுவும் கூடவே நவுருது, சூரியன் பானெட்ல எங்க தெரியுதோ அதச் சுத்தியே நிக்குது. அப்ப கோடு கண்டபடி எல்லாப் பக்கமும் கெடக்கு. வெயிலு அதுல சிலதத்தான் காட்டிக் குடுக்குது.

அக்காகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். "பித்தம் ஏறிடுச்சி, உள்ள வாடி குப்பு"ன்னா.

இன்னொண்ணு. கூரையில கோடே இல்ல. பானெட்லதான் ஜாஸ்தி. ஏன்?

11 ஜனவரி, சனி

ஏன்னு தெரிஞ்சிபோச்சி. தெரியாமலே இருந்திருக்கலாம்.

அக்காதான். வெள்ளிக்கெழமன்னா பானெட்ல மூணு எடத்துல சந்தனம், குங்குமம் வெக்கிறா. கடல்காத்துல மணலு வந்து அதுல ஒட்டிக்குது. சனிக்கெழம காலைல, காஞ்சி போனத முந்தானையால பரபரன்னு தேய்க்கிறா. கூரை அவளுக்கு எட்டாது.

சொன்னேன். மெதுவாத்தான் சொன்னேன். "சாமிக்கு வெக்கிற பொட்டால பெயின்ட் போவுதா? நாளைக்கி வண்டி எங்கயாச்சும் மோதினா நீ வந்து பதில் சொல்லுவியா?"ன்னா. மத்தியானம் எனக்கு ரசம் ஊத்தல.

12 ஜனவரி

அக்கா இன்னும் பேசல.

17 ஜனவரி, வெள்ளி

பொங்கல் களேபரம் ஓஞ்சிது. பெயின்டர் லூர்துசாமி அண்ணங்கிட்ட அரை டப்பா ரப்பிங் காம்பவுண்டு, பெயின்ட்ல கோடு எடுக்குற பசை, வாங்கியாந்தேன். "எதுக்கு, ரொட்டியில தடவவா?"ன்னு கேட்டாரு.

மொதல்ல டிக்கி மூடியில மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு சோதிச்சிப் பாத்தேன். தண்ணி ஊத்தி மணல ஓட வுட்டேன். சோப்புக்கு ஒரு பக்கெட்டு, துணி அலச ஒரு பக்கெட்டு. துணி — மாமாவோட பழைய மல் வேட்டி. ஜரிகை கீறும்னு கரையக் கிழிச்சிட்டேன். காம்பவுண்டத் தொட்டு அழுத்தாம தேய்ச்சேன்.

துணியப் பாத்தா கறுப்பு. பெயின்டே வருது. ஐயோ, வண்டி வெளுக்கப் போவுது, நானே கிரீம் ஆக்கிட்டேனா? லூர்துசாமி அண்ணங்கிட்ட ஓடினேன்.

"கறுப்பு வண்டியில கறுப்புதான் வரும், பச்சையா வரும்? மேல்தோலு கொஞ்சம் போனாத்தான் கோடு போவும். ஓரத்துலயும் மூலையிலயும் மட்டும் தேய்க்காத, அங்க பெயின்ட் மெலிசு, தகரம் பல்ல இளிக்கும்."

திரும்பி வந்து வெயில்ல பாத்தேன். உள்ளங்கை அகலத்துக்கு கெணத்துத் தண்ணி மாதிரி கறுப்பு.

19 ஜனவரி, ஞாயிறு

பானெட் முடிஞ்சிது. கதவும் முடிஞ்சிது. மேல மெழுகுப் பாலிஷ். தோளு என்னுது மாதிரியே இல்ல. மாமா வேட்டியத் தேடுறாரு.

20 ஜனவரி, திங்கள்

தில்லைநாதன் வந்தாரு. நடு வெயில்ல நிறுத்தச் சொன்னதே நான்தான். குனிஞ்சாரு. பானெட்டப் பாத்து மீசைய ஒதுக்கிக்கிட்டாரு. அப்புறம், "இருவத்தொம்பது மத்தியானமே வந்துடுங்க"ன்னாரு.

"அப்ப கிரீம் இல்லதானே மாமா?"ன்னேன். "கல்யாணம் முடியட்டும். உங்கக்கா வாராவாரம் சந்தனம் வெப்பா, நீ வாராவாரம் தேய்ச்சா பெயின்ட் எங்கேர்ந்து வரும்?"

அதுவும் நெசந்தானே. என்ன செய்றது?

24 ஜனவரி, வெள்ளி

அக்கா கிண்ணத்தோட வந்தா. பானெட்ல அவ மொகம் பளிச்சுன்னு தெரிஞ்சிது. கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே நின்னா. அப்புறம் வெச்சா. மூணு இல்ல, ஒண்ணு.

பொழுது சாஞ்சதும் வாளித் தண்ணிய ஊத்தி நானே கழுவி வுட்டேன். ஜன்னல் வழியா பாத்துக்கிட்டிருந்தா.

30 ஜனவரி, வியாழன்

நேத்து சிதம்பரம். நானும் அக்காவும் முன் சீட்டுல ஒண்டிக்கிட்டுப் போனோம். மேல வீதி வந்ததுதான் தாமதம், பொண்ணு வீட்டுப் பொம்பளைங்க ஓடியாந்து பானெட் பூரா சந்தனத்த அப்பிட்டாங்க.

சாயங்காலம் வண்டிக்கி மால கட்டுற நேரம். சந்தனமெல்லாம் காஞ்சிபோச்சி. ஒரு பெரியம்மா துண்ட எடுத்துக்கிட்டு தேய்க்க வந்தாங்க. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள அக்கா குறுக்க பூந்துட்டா.

"கைய எடுங்கம்மா. காஞ்சதத் தேய்ச்சா கோடு வுழும். தண்ணி ஊத்தி ஊற வெக்கணும்."

"சாமி சந்தனத்தப் போயி தண்ணி ஊத்திக் கழுவுறதா?"

"சாமிக்கே தெனம் அபிஷேகம் பண்றாங்க. வண்டிக்கி ஆவாதா?"

சொம்ப வாங்கி அவளே ஊத்தினா. நான் மல் துணிய நீட்டினேன். ரெண்டு பேரும் நீளவாக்குல தொடச்சோம். மாப்பிள்ளை ஏறுறதுக்கு முன்னாடி பானெட்ல குனிஞ்சி தலைய வாரிக்கிட்டாரு.

1 பிப்ரவரி, சனி

காலைல எழுந்து வந்தா பெயின்ட் வாசன. வாசலுக்கு ஓடினேன்.

வண்டி கறுப்பாத்தான் நிக்குது, ஈரம் சொட்டச் சொட்ட. பக்கத்துல அக்கா, கையில காலி வாளி. மாமா என்னப் பாக்கவே இல்ல. தெருக் கதவுக்கு கிரீம் கலர் அடிச்சிக்கிட்டிருந்தாரு.