ஒரு மணி பிந்திய ஊர்

வெஸ்ட்லின், 14 ஜூலை 1957

அன்பு மகள் வெர்னாவுக்கு அம்மா எழுதுவது. உன் அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் மற்றதை எழுதுகிறேன்.

நம் ஊரைக் கார்வெல் நகரத்தோடு சேர்த்துவிட்டதைப் போன மாதமே எழுதினேனே, தண்ணீர்க் குழாய் வந்துவிட்டது, தெருவிளக்கும் எரிகிறது, பொய் சொல்லக் கூடாது, வசதிதான். ஆனால் ஸ்டேஷன் பலகையில் வெஸ்ட்லின் என்ற பெயர் இருக்கட்டுமா, மேற்குக் கார்வெல் என்று மாற்றலாமா என்று செவ்வாய் மாலை ஏழு மணிக்கு நகர மன்றத்தில் பேச்சு. நாற்பது வருஷம் ரயில் இஞ்சின் ஓட்டிய உன் அப்பா சும்மா இருப்பாரா? மூன்று நாள் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தார். "மொதல்ல தண்டவாளம் வந்துச்சு, அப்புறம் நாங்க வந்தோம், அதுக்கப்புறம்தான்யா உங்க நகரம் இந்தப் பக்கம் திரும்பியே பாத்துச்சு" என்று ஆரம்பம், நன்றாகத்தான் இருந்தது. ரயில்காரர்கள் முப்பத்தொரு பேரும் வீட்டுப் பெண்கள் நாங்களுமாக, கல்யாணத்துக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு, சரியாக ஏழுக்கு மன்றத்து வாசலில் நின்றோம். கதவைப் பூட்டிக்கொண்டிருந்த காவலாளி, "மணி எட்டு ஆச்சு பெரியவரே, கூட்டம் முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு" என்றான். கோடையில் மாலை வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று நகரம் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைக்கும், ரயில் தள்ளாது, நம் ஊர்க் கடிகாரங்கள் என்றைக்கும் ரயில் பக்கம். முப்பத்தொரு சட்டைப் பையிலும் நொடி பிசகாத கடிகாரம் இருந்தும் ஒருவருக்காவது அது தோன்றவில்லையே! வெஸ்ட்லினுக்காகப் பேச யாருமே வரவில்லை என்று எழுதிக்கொண்டு பெயரை மாற்றிவிட்டார்கள்.

வீட்டுக்குள் வந்ததும் அப்பா, "ஊரே என்னை நம்பி வந்துச்சு, லேட்டாக்கிட்டேனே இடெல்லா" என்று அழுதார். எனக்கும் தாங்கவில்லை, நானும் அதே கடிகாரத்தைப் பார்த்துத்தானே கிளம்பினேன். மறுநாள் காலை அவரே நாற்காலி மேல் ஏறிச் சமையலறைக் கடிகாரத்தை நகர நேரத்துக்கு மாற்றினார். பையில் இருப்பதையும் மாற்றுங்களேன் என்றேன். "அது கெடக்கட்டும். வெர்னா ரயில்லதானே வருவா, புள்ள எறங்குறப்ப நான் அங்க நிக்க வேணாமா" என்றார்.

ஆகஸ்ட் கடைசியில் பலகையைக் கழற்றுகிறார்களாம், அதற்குள் ஒருமுறை வந்துவிடு கண்ணே. கர்த்தர் உன்னைக் கண்மணிபோல் காப்பாராக. வரும் நாளை எழுதும்போது, மறக்காமல், மணியை ரயில் நேரத்திலேயே எழுது.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா இடெல்லா