மாப்ள வூட்டார் கை நனைச்ச வூடு

மச்சான்,

மத்தியானம் கரண்ட் போச்சு. என் காங்கிரீட்டுத் தார்சு வூட்ல படுத்தா வடசட்டில கெடக்கற மாதிரி இருக்குது. துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு பக்கத்துல உன் வூட்டுக்கு வந்து, அந்த ஓட்டச் செவுத்தோரம் குந்தினேன். பொடனில ஜில்லுனு காத்து அடிச்சுது பாரு, எனக்கு வயிறு எரிஞ்சுது. செத்தும் நீதான் ஜெயிக்கற.

எண்பத்தஞ்சு வாக்குல ரெண்டு பேரும் இண்டூர்ல ஒண்ணா வூடு கட்ட ஆரம்பிச்சோம். நான் ஊரு மெச்ச காங்கிரீட் போட்டு, கண்ணாடி ஜன்னல் வெச்சு, பச்ச பெயிண்ட் அடிச்சேன். நீ பெங்களூர்ல இருந்து ஒரு இஞ்சினியரக் கூட்டியாந்த. அந்தாளு வந்ததும் நூல் புடிக்கல. மண்ணத் தூவித் தூவி, காத்து எந்தப் பக்கம் வருதுன்னு பாத்தாரு. அப்பறம் செங்கல்லுக்கு நடுவுல சந்து சந்தா வுட்டு, பூசாம ஒரு செவுரு. கூரைய ஒசத்தி, உச்சில சூடு வெளிய போக ஒரு தெறப்பு.

"ஏன் மச்சான், செவுத்துக்கு அம்ம போட்டிருக்கா? வேப்பல கட்டட்டுமா?"ன்னேன். ஊரே சிரிச்சுது.

"சித்திரைல வந்து குந்திப் பாரு மாப்ள, அப்பறம் பேசலாம்"ன்ன.

சித்திரையும் வந்துது. எம் பொண்ணப் பாக்க மாரண்டஹள்ளில இருந்து வந்தாங்க. ஏற்கெனவே ரெண்டு எடம் தட்டிப் போச்சு. இதும் போனா எம் பொஞ்சாதி, அதான் உன் தங்கச்சி, ஒடஞ்சே போயிருப்பா. முந்தின நாள் கோட மழ பேஞ்சு ஒரே புழுக்கம். என் கூடத்துல குந்தின மாப்ளப் பையனோட அப்பா சட்டையெல்லாம் நனஞ்சு, மூஞ்சி செவந்து, "அப்பறம் சேதி சொல்லி அனுப்பறோமுங்க"ன்னு எந்திரிச்சுட்டாரு. அந்தப் பேச்சுக்கு அர்த்தம் நமக்குத் தெரியாதா?

நீ உள்ள பூந்து, "வெயில் தாழட்டுங்க, எங்க வூட்ல செத்த எளப்பாறிட்டுப் போங்க"ன்னு எல்லாரையும் ஓட்டிட்டுப் போன. அந்தச் செவுத்துல சாஞ்சவரு கொறட்டையே வுட்டுட்டாரு. முழிச்சா பசி. உம் பொஞ்சாதி களியும் கீரக் கடைசலும் வெச்சுது. மனுசன் தூக்கக் கலக்கத்துல களியப் பிட்டுப் பிட்டு முழுங்கறாரு. கெணத்தடிக்குப் போயிருந்த அவரு பொஞ்சாதி வந்து பாத்துட்டு, "அய்யோ, என்னங்க! பேச்சு முடியாம கை நனைச்சிட்டீங்களே!"ன்னுச்சு. நம்ம பக்கம் பொண்ணு வூட்ல கை நனைச்சா சம்மதம்னுதான?

"இது பொண்ணு வூடு இல்லியே"ன்னு சமாளிச்சாரு.

நீ வுட்டியா? மோர ஊத்திக்கிட்டே, "தாய்மாமன் வூடுங்க. அப்ப இது யாரு வூடு?"ன்ன. அவரு தட்டப் பாத்தாரு, செவுத்தப் பாத்தாரு, சிரிச்சுட்டாரு. "சரிங்க, நாள் பாருங்க."

எம் பொண்ணு கல்யாணம் உன் வூட்ல முடிவாச்சு. அன்னிலருந்து உன் தங்கச்சிக்கு "எங்கண்ணன் வூடு, எங்கண்ணன் வூடு"ங்கறதத் தவுர வேற பேச்சில்ல. சம்பந்தி இண்டூர் வந்தா உன் வூட்ல படுத்து எந்திரிச்சுட்டுத்தான் எங்கிட்ட வருவாரு. பொறுக்குமா எனக்கு? பாக்கறவங்ககிட்டல்லாம் "எங்க வூட்லதான் பேசி முடிச்சோம்"ம்பேன். எங்கிருந்துதான் வருவியோ, "எது மாப்ள, அந்த இட்லிப் பானைலயா?"ன்னு மானத்த வாங்குவ.

போன வாரம் ஒரு பந்தில அதே பொய்யச் சொன்னேன். எல்லாரும் நம்பிட்டாங்க. ஒருத்தரும் சிரிக்கல. எனக்குச் சோறு எறங்கல மச்சான். கடைசில நானே, "பொய்யிங்க, எம் மச்சான் வூட்லதான் முடிஞ்சுது"ன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. அந்த வேலையயும் எந்தலைல கட்டிட்டுப் போயிட்ட.