பழைய ஸ்கேனரில் ரஞ்சியின் குரல்

2009 ஒக்டோபர் 14, புதன்

பழைய எம்.ஆர்.ஐ. ஸ்கேனரை நாளை கழற்றுகிறார்கள். அதற்குமுன் ஒருவரின் ஈரலில் சேர்ந்த இரும்பை இரண்டு ஸ்கேனரிலும் அளந்து, ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும். கிழக்கு லண்டன் செவன் கிங்ஸிலிருந்து எங்கள் பழைய நோயாளி செல்வம் அண்ணை வந்தார். அந்த அளவை வைத்துத்தான் அவருக்கு மருந்து.

பழையதில் வழக்கமான அளவுதான். புதியதில் இரண்டு தரம் எடுத்தும் வேறு வேறு அளவு. அந்தப் புது யந்திரத்தைத் திட்டித் தீர்த்தேன். பிறகுதான் கவனித்தேன், படத்தில் ஈரல் கீழே இறங்கியிருந்தது. மூச்சை உள்ளே இழுத்தால்தான் அப்படி இறங்கும்.

"அண்ணை, மூச்சை வெளியிலை விட்டிட்டுத்தானே அடக்கினீங்கள்?"

"இல்லைத் தம்பி, இழுத்துப் பிடிச்சனான். பழையதிலை அந்தப் பிள்ளை தமிழிலை சொல்லுவா. இது இங்கிலீசிலை என்னவோ சொல்லுது."

அந்தப் பிள்ளை ரஞ்சி. எங்களுக்குக் கலியாணமான புதிதில், தமிழ் நோயாளிகளுக்காக நான்தான் கூட்டிவந்து அவள் குரலை அதில் பதிந்தேன். சிரிப்பு வந்து வந்து ஏழு தரம் எடுத்தோம். அவள் என்னைப் பிரிந்து தெற்கு லண்டனிலுள்ள சட்டனுக்குப் போய் மூன்று வருடம்.

மூன்றாம் தரம் அவள் சொல்வதுபோல நானே சொன்னேன். அளவு ஒத்துவந்தது.

எல்லோரும் போனபின் பழைய ஸ்கேனரின் பொத்தானை அழுத்தினேன். "மூச்சை வெளியிலை விட்டிட்டு அடக்குங்கோ" என்றாள். அடக்கினேன்.

"இனி மூச்சு விடலாம்." அந்த இடத்தில் அவள் சிரிப்பை அடக்குவது இன்னமும் கேட்கிறது.