தம்பியின் இடது கன்னம்

என் செல்லத் தம்பி இசக்கிக்கு,

மண்ணூரில் நாம் தங்கிய அறையில் உன் பாய் சுருட்டியபடியே சுவரோரம் கிடக்கிறது. அதில் படுக்கட்டுமா என்று கேட்டவனை அடிக்கவே போய்விட்டேன். என் கோபம் உனக்குத் தெரியாததா?

அன்று நீ ஷிப்ட் முடிந்து வந்தபோது இடது கன்னம் உப்பியிருந்தது. கம்பெனியில் உன் லைனில் பாதிப் பேர் தூக்கம் வராமலிருக்கப் புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நிற்பவர்கள். நீயோ அதைத் தொடமாட்டேன் என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு ஊரிலிருந்து வந்தவன். "துப்புலே" என்றேன். "வாயில ஒண்ணுமில்லண்ணே" என்றாய். பொய் என்று நினைத்து ஓங்கி அறைந்தேன். கழுத்தைப் பிடித்து வாளிமேல் குனிய வைத்தேன். துப்பினாய். ரத்தமும் ஒரு பல்லும் விழுந்தன.

ஒரே அறைக்குப் பல் விழுமா? நான் யோசித்திருக்க வேண்டாமா?

பல் டாக்டரிடம் நான்தான் அடித்தேன் என்று ஒளிக்காமல் சொன்னேன். அதுவே வினையாகப் போனது. அடிபட்ட வீக்கம், தானாக வற்றிவிடும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார். எக்ஸ்ரே படம் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கீழுதடு மரத்துப்போச்சு என்றாய். சூடான டீ பட்டு உதடு கொப்பளித்ததுகூட உனக்குத் தெரியவில்லை. எல்லாம் என் அறையால்தான் என்று நம்பினேன்.

என் வேலை என்ன, இசக்கி? அலுமினிய வார்ப்புகளை எக்ஸ்ரேயில் பார்த்து, உள்ளே ஓட்டை இருந்தால் ஒதுக்கிவைப்பது. மேலே பளபளப்பாக இருக்கிறதே என்று ஒன்றைக்கூட நான் வெளியே விட்டதில்லை. உன் தாடையை மட்டும் பார்க்காமல் விட்டேன்.

மாதங்கள் கழித்துச் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் தாடை முழுவதும் தெரிகிற எக்ஸ்ரே எடுத்தார்கள், பிறகு சி.டி. ஸ்கேன். எலும்பு உள்ளே அரித்துப்போய், வெளியே முள்முள்ளாகப் புது எலும்பு கிளம்பியிருந்தது. சதை எடுத்துப் பார்த்து எலும்புப் புற்று என்றார்கள். தாடையில் வருவது அபூர்வமாம். படம் பார்க்கும் டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். "நீங்க அடிச்சதால வந்தது இல்ல. கட்டி முன்னாடியே பல்ல ஆட்டி வச்சிருக்கு. அன்னைக்கே ஒரு படம் எடுத்திருந்தா சந்தேகமாவது வந்திருக்கும்."

அன்றே இரும்புக் கம்பியோடு அந்தப் பல் கிளினிக்குக்குப் போனேன். வாசல் கண்ணாடியை நொறுக்கினேன். டாக்டர் உள்ளே மேசைக்கு அடியில் இருந்தார். அப்போது கட்டுப்போட்ட வாயோடு நீ போனில் "ண்ணே, வா" என்றாய். வந்துவிட்டேன். நீ கூப்பிட்டிராவிட்டால் உனக்குக் கொள்ளி வைக்கக்கூட வராமல் ஜெயிலில் இருந்திருப்பேன்.

போன வாரம் குன்றத்தூர் சேகர் உப்பிய கன்னத்தோடு வேலைக்கு வந்தான். "இன்னாத்த ஒதுக்கிகினு கீற, துப்புடா" என்று சூப்பர்வைசர் அவன் பிடரியில் கைவைத்தார். நான் அவரைச் சட்டையோடு பிடித்துச் சுவரில் மோதினேன். குத்த ஓங்கிய கையைப் பாதியில் இறக்கினேன். சேகரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் தாடைப் படம் எடுக்கவைத்தேன். முளைக்க இடமில்லாத கடைவாய்ப் பல்தானாம். அவன் சிரித்தான். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். மெமோ வந்திருக்கிறது, வரட்டும்.

இந்தக் கை இனி எவன்மீதும் விழாது, தம்பி. வீங்கிய முகத்தோடு யார் வந்தாலும், "வலிக்காலே?" என்றுதான் முதலில் கேட்பேன். உன்னிடம் நான் ஒருநாளும் அதைக் கேட்கவில்லை.

உன்னை அடித்த அண்ணன்,
பேச்சிமுத்து