அரைமணி நேரத்துக்கு ஒரு கண்

பெரக்கரை நாடு,
12-2-1941

அன்புள்ள மகனுக்கு,

எழுத வேண்டியவை மூன்று: 1. உன் ரேடியோ ஒப்பந்தம். 2. நீ சண்டைக்கு இறக்கிய அர்த்தனாரியின் கண். 3. அவனிடம் நீ மறைத்தது.

ஹெவிவெயிட் குத்துச்சண்டையை ரேடியோவில் வர்ணிக்க அரைமணி நேரம் ஒதுக்கினார்கள். அதற்குள் சண்டை முடியாமல் பார்த்துக்கொள்வதாக நீ கையெழுத்துப் போட்டாய். முதல் சுற்றிலேயே எதிராளியைச் சாய்க்கக் கூடியவனைக் கையடக்கி நின்று அடிவாங்க வைத்தாய். இதுவா வியாபாரம்?

அந்தச் சண்டையில் அவனுக்கு இடது கண் போய்விட்டது. மிளகு பறிக்க ஏணியில் ஏறும்போது கால் படியைத் தேடுகிறது. அவன் மனைவி பாவாயி என்னை வழிமறித்து, "மாட்ட விக்கறவன்கூடப் பல்லப் பாத்து வெல சொல்லுவானுங்க. உங்க மகன் எம்புருசன மணி பாத்து வித்துப்போட்டாருங்களே!" என்றாள்.

மூன்றாவது, கையடக்கி நிற்கச் சொன்னாயே, அதற்குக் காரணமான அந்த நிபந்தனையை அவனிடம் நீ மறைத்தாய். வெட்கமாயில்லையா உனக்கு?

இதுவரை எழுதியதை அர்த்தனாரிக்குப் படித்துக் காட்டினேன். அவன் சிரித்தான்.

"ஏனுங்க, உங்க மகன் அனுப்புன ஒப்பந்தத்தத் தமிழ்ல சொன்னதே நீங்கதானுங்களே. அரைமணி நேரம்னா என்னங்கன்னு கேட்டேன். 'அது ரேடியோக்காரங்க சமாச்சாரம், நீ கையெழுத்துப் போடு'ன்னீங்க."

சொன்னேன். பொருள் எனக்கு அப்போதே புரிந்திருந்தது. உன்னை எதிர்த்து எழுதப் பயந்தேன். மூன்றாவதாக எழுதியது தவறு. மறைத்தவன் நீ இல்லை.

இப்படிக்கு,
அப்பா