காலிக் கூடு

மதுஷா அப்பா,

கதவத் தொறக்காதீங்க. பிள்ளையோட பொறந்தநாள் பூச்சி வேஷ பார்ட்டிக்கு அலங்காரம்னு ஏழாம் நம்பர் தேயிலை மலையில இருந்து நீங்க கொண்டாந்து மாட்டுன குளவிக் கூடு காலி இல்ல. வெள்ளையா மூடியிருந்த ஓட்டைக்குள்ள எல்லாம் உசுரு இருந்திருக்கு. அடுப்புச் சூட்டுல ஒவ்வொண்ணா வெளிய வருது. "அம்மா, கூடு பேசுது"ன்னு பிள்ள கைய வச்சிருச்சு. ரெண்டு கொட்டு. கை வீங்குது, டிஸ்பென்சரிக்குத் தூக்கிட்டுப் போறேன். மூச்சு நல்லாத்தான் விடுறா, இதுவரைக்கும்.

டவுன்ல இருந்து வந்ததும் கேக்கை பக்கத்து லயத்து வரிசையில ரெங்கம்மா அக்கா வீட்டுல வைங்க. பொழுது சாஞ்சப்பறம் ஆளுங்க வந்து பந்தம் புடிச்சு கூட்ட எடுப்பாங்க. நீங்க கிட்ட போகாதீங்க. போன வருஷம் ஒரே கொட்டுக்கு நாக்கு தடிச்சு விழுந்தீங்க. சாவி அக்காகிட்ட இருக்கு. நீங்க கேட்டாலும் தராது, சொல்லி வச்சிருக்கேன்.

நேத்து என்னையப் பயந்தாங்கொள்ளின்னு சிரிச்சீங்க. ஆமாங்க. இன்னைக்கு மட்டும் நீங்களும் பயந்துக்கங்க.

மறந்துட்டேன்: மூணு மணிக்குப் பிள்ளைங்க எல்லாம் பேப்பர் றெக்க கட்டிக்கிட்டு நேரா இந்தக் கதவுக்குத்தான் ஓடிவரும். ஒருத்தருக்கும் இந்தச் சீட்ட வாசிக்கத் தெரியாது. கீழ்ப்படியிலேயே நின்னு மறிச்சிருங்க.